கப்பல் காத்திருக்காது! யாழ்ப்பாணத்தில் ஒரு பகல் - வீட்டுக் கம்ப்யூட்டரில் திட்டமிடுவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. பிள்ளைகள் கேம்ஸ் ஆடுகிறார்கள், பெரியவர்கள் பழைய பாட்டு கேட்கிறார்கள். "இதை வைத்து எனக்கு உருப்படியாக என்ன செய்ய முடியும்?" என்று கேட்கும் வாசகர்கள் பலர். அவர்களுக்காக இந்த மாதம் ஒரு உல்லாசக் கப்பல் பயணத்தை எடுத்துக் கொள்வோம். கப்பலில் என்ன சாப்பிடலாம், எந்த மாடியில் நீச்சல் குளம் என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும் அந்த ஒரு பகலை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் விஷயம். மேப், ஒர்க் ஷீட், பிரிண்டர் ஆகிய மூன்றும் சேர்ந்து உழைக்க இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்.வி. எம்ப்ரஸ் என்ற கப்பல் இலங்கைக்குக் கிளம்பியது. கார்டிலியா குரூசஸ் கம்பெனியின் கப்பல். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்கள் அதன் பட்டியலில் இருந்தன. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் இருப்பவர்கள் ஆட்டோ பிடித்துத் துறைமுகம் போய், அங்கிருந்து வெளிநாட்டுக்கு உல்லாசக் கப்பல் ஏறும் காலம் இப்படி வந்து சேர்ந்தது. எந்த மாதம் எந்த ஊர் என்ற அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. எனவே முதல் வேலையாக, கப்பல் கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் இந்த ஆண்டு அட்டவணையைப் பாருங்கள். தேடும்போது மேலே 'ஸ்பான்சர்டு' என்று வரும் விளம்பர லிங்க்கைக் கிளிக் செய்து பணம் கட்டிவிடாதீர்கள். கம்பெனி பெயரில் போலித் தளங்கள் போடுவது இன்று மிகச் சுலபமான வேலை. முகவரி பாரில் இருக்கும் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுத்தான் கார்டு எண்ணைத் தர வேண்டும்.

இந்த எம்ப்ரஸ் கப்பலுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1990ல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியன் கம்பெனிக்காகக் கட்டப்பட்டு, பல ஆண்டுகள் கரீபியன் தீவுகளைச் சுற்றியது. பிறகு எம்ப்ரஸ் ஆப் த சீஸ் ஆனது. 2017ல் அமெரிக்காவிலிருந்து கியூபாவின் ஹவானா வரை போய் வந்தது. 2019 ஜூனில் அமெரிக்க அரசு தன் நாட்டுக் கப்பல் பயணிகள் கியூபா செல்வதைத் தடை செய்ததும் ஹவானா பட்டியலிலிருந்து காணாமல் போனது. கடலில் இருந்த கப்பல்களே பாதை மாற வேண்டி வந்தது. நம் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் போய்வந்த இதே கப்பல், புதுச்சேரியில் அனுமதி கிடைக்காததால் பயணிகளை அங்கே இறக்காமலே திரும்பியது. அச்சடித்த அட்டவணையில் ஊர் பெயர் இருப்பதால் மட்டும் அந்த ஊரில் கால் வைத்துவிடுவோம் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு திட்டம், அது கைவிட்டால் இன்னொன்று என்று தயாராக இருப்பது நல்லது.

பத்து மணி நேரம் என்பது எத்தனை மணி நேரம்?

காலை 8 மணிக்கு வருகை, மாலை 6 மணிக்குப் புறப்பாடு என்று அட்டவணையில் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். உடனே "பத்து மணி நேரம் இருக்கிறதே, நயினாதீவு போய் அம்மனைப் பார்த்துவிட்டு, நல்லூர் போய், கோட்டையைப் பார்த்து, பனங்கட்டியும் வாங்கிக் கொண்டு வந்துவிடலாம்" என்று பாட்டி கணக்குப் போடுவார். இங்கேதான் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டும்.

கப்பல் 8 மணிக்கு வருகிறது என்றால், 8 மணிக்கு நீங்கள் கரையில் நிற்பீர்கள் என்று பொருள் அல்ல. கயிறு கட்ட வேண்டும், படி இறக்க வேண்டும், குடியேற்றச் சோதனை முடிய வேண்டும், நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்பார்கள். சில துறைமுகங்களில் கப்பல் கரையோரம் வராது. கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். இந்தப் படகை டெண்டர் என்கிறார்கள். (அரசு காண்ட்ராக்ட் டெண்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!) 2025 ஜூலையில் புதுச்சேரிக்கு உல்லாசக் கப்பல் வந்தபோது பயணிகளை இப்படித்தான் கரை சேர்த்தார்கள். டெண்டர் என்றால் போகவும் வரவும் கூடுதல் நேரம் வேண்டும். எனவே "கரையில் கட்டுவீர்களா, டெண்டரா?" என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

மாலை 6 மணிக்குப் புறப்பாடு என்றால் 6 மணி வரை வெளியே சுற்றலாம் என்றும் பொருள் அல்ல. கடைசியாகக் கப்பலில் ஏறியிருக்க வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு. அது புறப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி வரை முன்னதாக இருக்கும். கப்பலில் தினமும் தரும் அறிவிப்புத் தாளில் அந்த நேரம் இருக்கும். அதைத் தவறவிட்டவர்கள் துறைமுக மேடையில் பையும் செருப்புமாக ஓடும் வீடியோக்கள் யூடியூபில் வரிசையாக இருக்கின்றன. கரீபியன் துறைமுகங்களில் இவர்களுக்கு 'பியர் ரன்னர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கப்பலில் இருப்பவர்கள் மாடியில் நின்று கைதட்டுவார்கள். பார்க்க வேடிக்கைதான். மூட்டு வலி உள்ள பாட்டியோடு ஓட முடியாது.

ஒர்க் ஷீட்டில் பின்னால் இருந்து எண்ணுங்கள்

எக்ஸெல் இருந்தால் சரி. இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். புதிய ஒர்க் ஷீட்டைத் திறந்து, முதல் பத்தியில் விஷயத்தையும் இரண்டாவது பத்தியில் நேரத்தையும் அடியுங்கள். நேரத்தை 24 மணிக் கணக்கில், நடுவே முக்காற்புள்ளி இட்டு அடித்தால் கம்ப்யூட்டர் அதை நேரம் என்று தானே புரிந்து கொள்ளும்.

முதல் வரியில் கப்பல் புறப்படும் நேரம் 18:00. இரண்டாவது வரியில் கடைசியாக ஏறுவதற்கான முன்நேரம் 1:00. மூன்றாவது வரியில் நம் கைவசம் 1:00. டயர் பஞ்சர் ஆகலாம், ரயில்வே கேட் மூடலாம், கும்பலில் ஒருவர் காணாமல் போகலாம். அதற்குத்தான் இந்த ஒரு மணி நேரம். இதைக் குறைக்கவே குறைக்காதீர்கள். நான்காவது வரியில் சமன் குறி போட்டு, முதல் வரி நேரத்தின் மீது கிளிக் செய்து, மைனஸ் குறி தட்டி, இரண்டாவதைக் கிளிக் செய்து, மறுபடி மைனஸ், மூன்றாவதைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 16:00 என்று வரும். துறைமுக வாசலுக்கு நீங்கள் திரும்பியிருக்க வேண்டிய நேரம் இதுதான். இனி ஆறு மணியை மறந்துவிடுங்கள்.

ஐந்தாவது வரியில் கப்பல் வரும் நேரம் 8:00. ஆறாவதில் இறங்கிச் சோதனை முடிய 1:30. ஏழாவதில் இரண்டையும் கூட்டினால் 9:30. எட்டாவது வரியில் 16:00லிருந்து 9:30ஐக் கழித்தால் கிடைப்பது 6:30. பத்து மணி நேரம் ஆறரை மணி நேரமாகிவிட்டது. நாம் செலவு செய்யக்கூடிய முழுப் பணமும் இதுதான்.

இந்த ஒன்றரை மணி, ஒரு மணி என்பதெல்லாம் உதாரணத்துக்கு நான் வைத்தவை. உங்கள் கப்பல் கம்பெனி சொல்லும் நேரத்தை அந்த செல்லில் அடித்தால் கீழே உள்ள விடைகள் தானாக மாறும். ஒர்க் ஷீட்டின் அழகே அதுதான்.

மேப்பில் குண்டூசி சரியான இடத்தில் இருக்கிறதா?

அடுத்து கூகுள் மேப்ஸ். தேடல் கட்டத்தில் தமிழிலேயே காங்கேசன்துறை என்று டைப் செய்து என்டர் தட்டலாம். ஆனால் குண்டூசி ஊரின் நடுவில் விழும். அந்த ஊரில் ரயில் நிலையமும் இருக்கிறது. இலங்கையின் வடக்கு ரயில் பாதை முடியும் இடம் அது. போரினால் நின்று போன ரயில், 2015 ஜனவரியில் மீண்டும் அந்த நிலையம் வரை வந்தது. உங்களுக்குத் தேவை துறைமுக வாசல். சேட்டிலைட் காட்சிக்கு மாற்றி, கடலுக்குள் நீளும் அலைத்தடுப்புச் சுவரைக் கண்டுபிடித்து, அதன் அருகே சாலை தொடங்கும் இடத்தில் ரைட் கிளிக் செய்து அங்கிருந்து வழி கேளுங்கள். திருகோணமலையில் இந்தக் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். அது உலகின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. எந்த மூலையில் இறக்குகிறார்கள் என்பதைப் பொறுத்துத் தூரம் வெகுவாக மாறும்.

வழி கிடைத்ததும், 'லீவ் நவ்' என்பதை 'டிபார்ட் அட்' என்று மாற்றி, நீங்கள் போகப் போகும் அதே கிழமையையும் நேரத்தையும் கொடுங்கள். "40 முதல் 55 நிமிடம்" என்பது போல ஒரு இடைவெளி காட்டும். அதில் பெரிய எண்ணை மட்டும் ஒர்க் ஷீட்டில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு பதினோரு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து பார்த்த நேரத்தை நம்பித் திங்கட்கிழமை பகலில் வண்டி ஏறினால் என்ன ஆகும் என்பது ரங்கநாதன் தெருவைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூலையில் உள்ள மஞ்சள் பொம்மையைப் பிடித்து இழுத்துச் சாலையின் மீது விட்டால், தெருவை நேரில் பார்ப்பது போலப் படம் வரும். இலங்கையின் பல சாலைகளுக்கு இந்த வசதி இருக்கிறது. கோவில் வாசலில் வண்டி நிற்குமா, எத்தனை படி, நிழல் உண்டா என்பதையெல்லாம் அடையாறில் இருந்தபடியே பார்த்துக் கொள்ளலாம். சக்கர நாற்காலியில் அழைத்துச் செல்பவர்களுக்கு இது பெரிய வரம்.

நயினாதீவா, நல்லூரா?

இப்போது பாட்டியின் ஆசைக்கு வருவோம். மேப்பில் காங்கேசன்துறை மீது ரைட் கிளிக் செய்து 'மெஷர் டிஸ்டன்ஸ்' தேர்ந்தெடுத்து, நயினாதீவு மீது கிளிக் செய்யுங்கள். நேர்கோட்டில் 40 கிலோமீட்டருக்குள்தான் காட்டும். "இவ்வளவு பக்கமா!" என்று தோன்றும். ஆனால் வண்டி நேர்கோட்டில் போகாது. யாழ்ப்பாணம் நகரத்துக்கு இறங்கி, அங்கிருந்து தீவுகளை இணைக்கும் தாம்போதிகள் வழியாக வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போக வேண்டும். சாலைத் தூரம் சுமார் 50 கிலோமீட்டர். அதற்குப் பிறகு படகு. நாகபூசணி அம்மன் கோவில் அந்தப் பக்கம்.

ஒர்க் ஷீட்டில் போடுங்கள். போக வண்டி 1:45. படகுக்குக் காத்திருப்பும் படகும் சேர்த்து 0:50. கோவிலில் 1:00. திரும்பப் படகு 0:50, வண்டி 1:45. இந்த ஐந்து செல்களையும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து ஆட்டோசம் பட்டனைத் தட்டினால் 6:10 வரும். நம்மிடம் உள்ளது 6:30. மீதம் இருபது நிமிடம். சாப்பாடு இல்லை, நல்லூர் இல்லை, ஒரு படகு தவறினால் திரும்ப வழியும் இல்லை. பாட்டிக்காக ஆசையாகச் சாப்பாட்டுக்கு 0:45 சேர்த்துப் பாருங்கள். கூட்டுத்தொகை 6:55 ஆகிவிடும். எக்ஸெல்லில் மீதத்தைக் காட்ட வேண்டிய செல்லில் எண்ணுக்குப் பதிலாக வரிசையாக ஹாஷ் குறிகள் வரும். பத்தியை அகலமாக்கியும் அவை போகவில்லை என்றால், கழித்தல் நேரம் வந்துவிட்டது என்று பொருள். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். திட்டம்தான் சரியில்லை.

நல்லூர்த் திட்டத்தைப் போட்டுப் பாருங்கள். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 18 கிலோமீட்டர். தி.நகரிலிருந்து தாம்பரம் போகிற தூரம், ஆனால் ஜி.எஸ்.டி. சாலையின் கூட்டம் இல்லை. போக 0:45, வர 0:45. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் 1:00, கோட்டை 1:00, நூலகம் 0:30, சாப்பாடு 1:00, ஊருக்குள் அலைச்சல் 0:30. மொத்தம் 5:30. முழுதாக ஒரு மணி நேரம் மிச்சம். கைவசம் வைத்த ஒரு மணி நேரம் இதில் சேராமல் தனியாக இருக்கிறது.

கோவிலை முதலில் வையுங்கள். நல்லூர்க் கோவில் நேரம் தவறாமைக்குப் பெயர் பெற்றது. நீங்கள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தவர் என்பதற்காகச் சாத்திய நடை திறக்காது. ஆண்கள் மேல்சட்டை கழற்ற வேண்டும். வேட்டி கட்டிப் போவது எளிது. ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் கொடியேறி, ஆவணி அமாவாசை வரை 25 நாள் திருவிழா. அந்த நாட்களில் கோவிலைச் சுற்றி வண்டி விடமாட்டார்கள். கப்பல் தேதியைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே மூச்சில் பௌர்ணமியும் அன்றுதானா என்று பாருங்கள். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அரசு அலுவலகங்களும் பல கடைகளும் மூடியிருக்கும்.

யாழ் பொது நூலகத்துக்கு அரை மணி போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் சொல்வேன். 1959ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டிடத்தை வரைந்தவர் நம் சென்னைக் கட்டிடக் கலைஞர் கே.எஸ். நரசிம்மன். ஆலோசனை தந்தவர் நூலகவியல் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன். 1981 மே கடைசி இரவில் தீ வைக்கப்பட்டு, 97 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்து போயின. திருப்பிக் கட்டி, 2003ல் மீண்டும் திறக்கப்பட்டது. உள்ளே பார்வையாளர்களை விடும் நேரம் வேறு, படிக்க வருபவர்களின் நேரம் வேறு. உள்ளே போக முடியாமல் போனாலும், அந்த வெள்ளைக் கட்டிடத்தின் முன் நின்று பார்த்துவிட்டு வருவதே ஒரு பெரிய காரியம்.

வயதானவர்கள் அதிகம் என்றால் யாழ்ப்பாணத்துக்கே போக வேண்டாம். காங்கேசன்துறைக்குப் பக்கத்திலேயே கீரிமலை. கடலுக்கு ஒட்டியே நல்ல தண்ணீர் ஊற்றுக் கேணி, அருகில் நகுலேஸ்வரம் சிவன் கோவில். இன்னொரு பக்கம் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில். காங்கேயன் ஆகிய முருகனின் சிலை கப்பலில் வந்து இறங்கிய துறை என்பதால்தான் காங்கேசன்துறை என்ற பெயரே வந்தது என்கிறது மாவிட்டபுரம் தல வரலாறு. அங்கு கரை இறங்கிய முதல் உல்லாசப் பயணி முருகன்தான் போலிருக்கிறது!

கப்பல் கம்பெனியே நடத்தும் சுற்றுலாவில் போகலாமா, நாமே வண்டி பிடிக்கலாமா? பொதுவாகக் கம்பெனி நடத்தும் சுற்றுலாவின் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் தனியாகப் பிடித்த வண்டிக்குக் காத்திருக்காது. விலை அதிகம் வாங்குவது இந்தக் காப்பீட்டுக்கும் சேர்த்துத்தான். என் கருத்து, யாழ்ப்பாணத்தில் மொழிப் பிரச்சனை இல்லை, தூரமும் குறைவு, நாமே போகலாம். நயினாதீவு போயே தீர வேண்டும் என்றால் கம்பெனி சுற்றுலா இருந்தால் மட்டும் போங்கள். இல்லாவிட்டால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய பயணிகள் கப்பல் இருக்கிறது. மழைக்கால மாதங்களில் அது நிறுத்தப்படும். மற்ற மாதங்களில் அதில் போய் இரண்டு இரவு தங்கி, பாட்டியை நிம்மதியாக அம்மனைப் பார்க்க வைக்கலாம்.

திருகோணமலை, அம்பாந்தோட்டை

திருகோணமலையில் முதல் இடம் கோணேஸ்வரம். சம்பந்தர் பாடிய தலம். கடலில் இருந்து செங்குத்தாக எழும் பாறையின் மேல், பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கிறது. பழைய கோவிலைப் போர்த்துக்கீசியர் 17ம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளினார்கள். இன்று இருப்பது பிற்காலத்தில் எழுந்தது. கோட்டைக்குள் மான்கள் சாவகாசமாகத் திரியும். பையில் வாழைப்பழம் இருந்தால் உங்களை விடாது. ஏறுவதற்குப் படிகள் இருப்பதால் வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். பிறகு நேரம் இருந்தால் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு சூடு. நிலாவெளிக் கடற்கரையும், 2003ல் தேசியப் பூங்காவான புறாத் தீவும் இளைஞர்களுக்கு. ஆனால் புறாத் தீவுக்கு மறுபடி படகு. ஒர்க் ஷீட்டைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

அம்பாந்தோட்டையில் துறைமுகத்தை விட்டால் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. கதிர்காமம் போவதானால் அரை நாள் அதற்கே போய்விடும். தமிழ் அதிகம் புழங்காத பகுதி என்பதால் இங்கே கம்பெனி சுற்றுலாவே மேல்.

போனை நம்பாதீர்கள்

"இதெல்லாம் எதற்கு, போனில் மேப் இருக்கிறதே" என்று மகன் சொல்வான். கரையை விட்டுச் சில மைல் போனதும் போனில் சிக்னல் போய்விடும். அதன் பிறகு சில கப்பல்களில் சேட்டிலைட் வழியாக ஒரு நெட்வொர்க் வரும். போன் அதைத் தானாகப் பிடித்துக் கொண்டால், வாட்ஸ்அப்பில் வரும் குட் மார்னிங் படங்களுக்கே பில் எகிறிவிடும். இலங்கைக்கு என்று வாங்கிய ரோமிங் பேக் பொதுவாக இந்தக் கடல் நெட்வொர்க்குக்குப் பொருந்தாது. கப்பல் கிளம்பியதும் பிளைட் மோடு. கரையில் இறங்கிய பிறகுதான் அதை எடுக்க வேண்டும்.

எனவே வீட்டில் இருக்கும்போதே, வைபை இணைப்பில், போனின் கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தட்டி 'ஆப்லைன் மேப்ஸ்' மெனுவில் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதையும் கட்டத்துக்குள் கொண்டு வந்து டவுண்லோட் செய்திடுங்கள். நெட் இல்லாமலும் கார் வழி காட்டும். நடை வழி காட்டாது, நெரிசலும் தெரியாது. நடந்து சுற்றுபவர்கள் ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவசத் தொகுப்பை வைத்துக் கொள்ளலாம்.

இலங்கைக் கடிகாரமும் நம் கடிகாரமும் 2006 ஏப்ரல் முதல் ஒன்றே. அதனால் இங்கே குழப்பம் இல்லை. மயிலாப்பூரிலிருந்து மகனைப் பார்க்க அமெரிக்கா போய், அவன் மயாமியிலிருந்து கரீபியன் கப்பலில் ஏற்றிவிட்டால் கதை வேறு. அங்கே தீவுக்கு ஒரு நேரம், கப்பலுக்கு ஒரு நேரம் இருக்கலாம். போன் தீவு நேரத்துக்குத் தானாக மாறிவிடும், கப்பல் மாறாது. கையில் சாதாரணக் கடிகாரம் கட்டி, கப்பல் நேரத்தில் வைத்து, அதைத் தொடாதீர்கள். பல தீவுகள் தனித்தனி நாடுகள், விசா விதிகளும் தனித்தனி என்பதும் நினைவிருக்கட்டும். இலங்கைக்கும் விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், கப்பல் பயணிக்கு என்ன தேவை என்பதைக் கம்பெனியிடம் இமெயிலில் கேட்டு, பதிலைப் பிரிண்ட் எடுத்து வைத்திடுங்கள்.

ஒரே ஒரு தாள்

ஒர்க் ஷீட்டை ஒரே பக்கத்தில் அடங்குமாறு அமைத்து, கண்ட்ரோல் கீயுடன் பி தட்டி, பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பிடிஎப்' கொடுத்தால் ஒரு பைல் கிடைக்கும். அதைப் போனுக்கு அனுப்புங்கள். வீட்டில் பிரிண்டர் இல்லாவிட்டால் பென் டிரைவில் எடுத்து, லஸ் முனையிலோ பாண்டி பஜாரிலோ ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆளுக்கொரு பிரதி எடுத்துவிடலாம். (திரும்பியதும் பென் டிரைவை வைரஸ் ஸ்கேன் செய்யாமல் திறக்காதீர்கள்.) 16:00 என்ற அந்த நேரம் மட்டும் பெரிய பாண்டில், தடித்த எழுத்தில் இருக்கட்டும். தாளின் பின்பக்கம் பாஸ்போர்ட் நகல். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக் கொள்வார்கள் என்பதால் நகல் மிக அவசியம். கப்பலின் தினசரி அறிவிப்பில் துறைமுக ஏஜென்ட்டின் போன் எண் இருக்கும். இறங்கும் முன் அதைப் பேனாவால் தாளில் எழுதிக் கொள்ளுங்கள்.

எல்லாம் மீறிக் கப்பல் போய்விட்டால் முதலில் அழைக்க வேண்டியவர் அந்த ஏஜென்ட்தான். காங்கேசன்துறைக்குப் பக்கத்திலேயே, 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலி இருக்கிறது. சென்னைக்கு விமானங்கள் அங்கிருந்து போயிருக்கின்றன. உங்கள் தேதியில் விமானம் உண்டா, எத்தனை மணிக்கு என்பதையும் முன்பே பார்த்து அந்தத் தாளிலேயே குறித்து வையுங்கள். டிக்கெட் செலவு உங்களுடையது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கப்பல்கள் தங்கள் இடத்தை ரேடியோ மூலம் அறிவித்துக் கொண்டே போகும். மரைன் டிராபிக் என்ற வெப்சைட் அதை மேப்பில் காட்டும். எம்ப்ரஸ் என்று தேடினால் அதே பெயரில் பல கப்பல்கள் வரும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஐ.எம்.ஓ. எண் என்று ஏழு இலக்க எண் உண்டு. நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயர் எத்தனை தடவை மாறினாலும் அந்த எண் மாறாது. அதைக் கொண்டு தேடுங்கள். கரையோர ரிசீவர்களுக்கு எட்டாத நடுக்கடலில் இலவசக் கணக்கில் கப்பலின் இடம் புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடும். பல மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிந்தால் பதற வேண்டாம். கரையை நெருங்கியதும் மறுபடி நகரத் தொடங்கும்.